முன் ஆக்ஸிலை மாற்றிய பின் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பவில்லை. என்ன செய்வது?

1985 டொயோட்டா நான்கு சக்கர ஓட்டப் பிக்கப்பில் முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங்குகளோடு பிணைந்த ஒரே திட ஆக்ஸில். திருப்பிய ஸ்டீயரிங் தானாக மீளாததற்குப் பெரும்பாலும் காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்ததே காரணம். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஆப்பு வடிவ ஷிம் வைத்து அதைக் கூட்டலாம். ஆனால் அப்போது ஆக்ஸில் முழுவதும் சுழலும். பினியனின் (டிரைவ் ஷாஃப்ட் வந்து இணையும் ஆக்ஸில் பற்சக்கரம்) மூக்கு கீழே சாயும், முன் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கெடும். எனவே தேவைக்கு மேல் ஒரு டிகிரிகூட ஏற்றாதீர்கள்.

ஷிம் வாங்கும் முன், இருபுறமும் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். அளவு மாறினால் ஸ்பிரிங்கின் மைய போல்ட் ஆக்ஸிலில் உள்ள தன் குழியில் சரியாக உட்காராமல் இருக்கலாம். டோ அளவை (முன் சக்கரங்கள் உள்ளோ வெளியோ நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) கடைசியில், இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகிச் சரிசெய்யலாம், அது எளிது.

முன், பின் ஆக்ஸில்களின் கியர் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) ஒன்றுதானா என்றும் அவசியம் பாருங்கள். பின்னால் 4.10, முன்னால் 4.56 என்றிருந்தால் தார்ச் சாலையில் நான்கு சக்கர ஓட்டம், இரு ஆக்ஸில்களுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையே உடைத்துவிடக்கூடும். ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிணைக்கும் பழைய யு போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. புதியவற்றையும் சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்குங்கள்.