வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு: பங்கேற்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது, கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் கொண்டுள்ள உறவு பற்றி ஆராயும் பல்கலைக்கழகக் குழுவினர், எங்கள் தோட்டத்துக்கு வந்து என்னிடம் பேட்டி கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: சம்மதிக்கலாம் அம்மா, என் விருப்பமும் அதுவே. 18 முதல் 25 வயது வரையிலான காலத்தைத் தனியொரு பருவமாக அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000ஆம் ஆண்டில் விளக்கியபோது, அவர் எண்ணியது பெரும்பாலும் தொழில்மயமான நாடுகளின் இளைஞர்களையே. படிப்பை முடித்ததும் கொழும்புக்குப் போய், சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு அனுப்பும் மலையகப் பிள்ளையின் வாழ்க்கை வேறு என்பதை உங்களைப் போன்ற தாய்மார் சொன்னால்தான் ஆய்வுலகம் அறியும்.

எனினும், ஆய்வின் நோக்கத்தையும் உங்கள் உரிமைகளையும் விளக்கும் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். வாசிக்கச் சிரமமென்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பங்கேற்பவர்களின் நலன் காக்கப்படுகிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா என்றும் விசாரியுங்கள். விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கவும், இடையில் விலகவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. தோட்டத் தலைவரோ, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையோ சொன்னதற்காகச் சம்மதிக்க வேண்டியதில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த காம்பிராவுக்கும் (அறைக்கும்) கேட்கும் என்பதால், பேட்டிக்குத் தனியான இடம் கேளுங்கள். மகனும் சட்டப்படி வயது வந்தவர். அவருடைய காதல், கடன் போன்றவற்றைச் சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.