கிரீஸ் கை பதில்கள்: சில்க் போர்டுல நிக்கிற வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு செல்லாது

கேள்வி: அண்ணா, வாரத்துல ரெண்டு நாள் தான் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு கார் எடுக்கிறேன், வருஷத்துக்கு 4000 கிலோமீட்டர் கூட தாண்டல. 10,000-க்கு ஒரு தடவ ஆயில் மாத்தினா போதும்னு புக்ல இருக்கு. அப்போ ரெண்டரை வருஷம் ஓட்டலாம்ல?
— ஐடி தம்பி, மாரத்தஹள்ளி

பதில்: தம்பி, அந்த வரிய பாதி தான் படிச்சிருக்கீங்க. 10,000 கிலோமீட்டர் இல்லன்னா 1 வருஷம், எது முதல்ல வருதோ அதுன்னு பக்கத்துலயே போட்டிருக்கும் பாருங்க. ஓடோமீட்டருக்கு சக்கரம் சுத்தினா தான் கணக்கு, பெங்களூரு டிராஃபிக்குக்கே பேர் போன சில்க் போர்டு ஜங்ஷன்ல முக்கா மணி நேரம் நியூட்ரல்ல நின்னு உறுமினது அதுக்கு தெரியாது, ஆனா உள்ள இருக்கிற ஆயிலுக்கு தெரியும். உங்க டேஷ்போர்டுல ஆவரேஜ் ஸ்பீட் பாருங்க, 15 காட்டினாலே அதிர்ஷ்டசாலி (எனக்கு 14). 4000-ஐ 15-ஆல வகுங்க, 266 மணி நேரம் இன்ஜின் ஓடியிருக்கு, அதே 266 மணி நேரம் ஒருத்தன் கிருஷ்ணகிரி ரோட்ல 70-ல போயிருந்தா அவன் மீட்டர் 18,000 தாண்டியிருக்கும். இப்போ சொல்லுங்க, யார் ஆயில் பழசு?

இன்னொண்ணு, அல்சூர்ல எங்க பக்கத்து வீட்டு சார் கார் எடுக்கிறதே பையன ஸ்கூல்ல விட, போக வர 4 கிலோமீட்டர். ஒரு நாள் ஆயில் ஊத்துற மூடிய கழட்டினவர் அதுக்கு அடில மோர் மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்குன்னு பதறிட்டு ஓடி வந்தார், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின குளிர வைக்கிற கூலண்ட் ஆயில்ல கலக்காம தடுக்கிற சீல்) போச்சு, 30,000 ரூபா காலின்னு அவரே முடிவு பண்ணிட்டார். கூலண்ட் டேங்க் பார்த்தேன், சொட்டு குறையல. விஷயம் இவ்ளோ தான், பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் வரும், இன்ஜின் நல்லா சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டா அது வெளிய போக வழியில்லாம ஆயில்ல சேர்ந்துடும், கொஞ்சம் பெட்ரோலும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியா கீழ இறங்கும். ஞாயித்துக்கிழமை ஓசூர் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சிட்டு வாங்க சார்னு அனுப்பினேன், வந்ததும் ஆயில் மாத்தினோம், அப்புறம் அந்த மோர காணோம். கூலண்டும் குறைஞ்சிருந்தா கதை வேற, அப்போ நானே பதறியிருப்பேன்.

கேள்வி: என் கார் புக்ல 0டபிள்யூ-20 ஆயில் போடச் சொல்லியிருக்கு. எங்க மெக்கானிக், "இது தண்ணி மாதிரி இருக்கு, நம்ம வெயிலுக்கு தாங்காது, 20டபிள்யூ-50 ஊத்து"ங்கிறார். கேக்கலாமா?
— வாசகர், சிவாஜிநகர்

பதில்: வேணாம். டபிள்யூன்னா விண்டர், முன்னாடி நம்பர் குளிர்ல எவ்ளோ சுலபமா ஓடும்னு, பின்னாடி நம்பர் 100 டிகிரி சூட்ல எவ்ளோ கெட்டியா நிக்கும்னு. வெளிய 22-ஆ 42-ஆங்கிறது ரேடியேட்டர் ஃபேனோட கவலை, ஓடி சூடான இன்ஜினுக்குள்ள ஆயில் எப்படியும் 90, 100 பக்கம் தான் இருக்கும். தேய்மானம் அதிகமா நடக்கிறது காலைல சாவி போட்ட முதல் சில நொடில, அப்போ மேல வால்வ திறக்கிற கேம்ஷாஃப்ட் வரைக்கும் சட்டுனு ஏற வேண்டிய ஆயில் பாகு மாதிரி இருந்தா என்ன பண்றது? உங்க மெக்கானிக் சொல்றது அவர் தொழில் கத்துக்கிட்ட காலத்து இன்ஜினுக்கு சரி, அதுல பார்ட்ஸுக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தி. அவர் மேல கோவப்படாதீங்க, ஆயில மட்டும் நீங்களே ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்க இருக்கிற ஜேசி ரோட்ல பார்த்து வாங்கிட்டு போய் குடுங்க. பிஎஸ்6 (2020-ல வந்த புகை விதி) டீசல் வச்சிருக்கவங்க இன்னும் உஷார், சாம்பல் கம்மியா வர்ற ஆயில் தான் போடணும், இல்லன்னா புகை போற வழில கரிய பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும்.

கேள்வி: ஆப்ல மேட்ச் ஆன ஒருத்தர இந்திராநகர்ல காஃபிக்கு மீட் பண்ணேன். ஒன்றரை மணி நேரம் டர்போ, டார்க், ரீமேப் தவிர வேற பேச்சே இல்ல. ஆள் நல்லவர் மாதிரி தான் தெரியுது. ரெண்டாவது தடவ போலாமாண்ணா?
— தங்கச்சி, எச்எஸ்ஆர் லேஅவுட்

பதில்: தங்கச்சி, நானும் அதே ஜாதி தான்மா. 2011-ல ஒரு பொண்ண நந்தி ஹில்ஸ் கூட்டிட்டு போனேன், தேவனஹள்ளி கிட்ட இன்ஜின்ல டேப்பெட்னு ஒரு பார்ட் சத்தம் வர்ற மாதிரி தோணிச்சு, பானெட்ட தூக்கி நீள ஸ்க்ரூடிரைவர் நுனிய இன்ஜின்ல வச்சு பிடிய காதுல வச்சு கேட்டுட்டே இருந்தேன். மூணாவது சிலிண்டர் தான்னு கண்டுபிடிச்ச சந்தோஷத்துல திரும்பி பார்த்தா ரோட்டோரத்துல பாதி உரிச்ச சக்கோத்தரா பழம் மட்டும் இருக்கு, அவங்க பஸ் ஏறி போய்ட்டாங்க. தப்பு முழுக்க என்னோடது. ஆனா சத்தம் மூணாவது சிலிண்டர் தான், அது வேற விஷயம்.

சரி, உங்க ஆளு. அந்த ஒன்றரை மணி நேரத்துல உங்கள பத்தி ஒரே ஒரு கேள்வியாவது கேட்டாரா? "போர் அடிக்கிறேனா"ன்னு நடுவுல ஒரு தடவ நிறுத்தினாரா? கேட்டிருந்தா அது வெறும் டென்ஷன், தெரிஞ்ச சப்ஜெக்ட்ட புடிச்சு தொங்கிட்டிருந்திருக்கார், தாராளமா போங்க. கேக்கலன்னா அவருக்கு வேண்டியது நல்ல கராஜ், நீங்க இல்ல. போனாலும் அவர் கார்ல ஏறாதீங்க, மெட்ரோலயோ ஆட்டோலயோ நீங்களா போய் நீங்களா வாங்க. நாலஞ்சு தடவ பழகினப்புறம் ஒரு நாள் ஏறிப் பாருங்க, ஆட்டோக்காரர் குறுக்க வந்தா இவர் வாய்ல என்ன வருதுன்னு தெரிஞ்சிடும்.

கேள்வி: 2013 டீசல் ஸ்விஃப்ட் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: அதுல இருக்கிற 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜின் இந்தியாவோட தேசிய இன்ஜின்னு பேரு வாங்கினது. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோன்னு அது போகாத பானெட் இல்ல, 2020-ல பிஎஸ்6 வந்தப்ப மாருதி டீசலயே விட்டுட்டாங்க. இன்ஜின் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, விக்கிறவர் மேல தான் இல்ல. பொண்ணு பாக்க போற வீட்ல பஜ்ஜி சொஜ்ஜி மாதிரி, நீங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டிய கழுவி சூடாக்கி வச்சிருப்பாங்க. போனதும் கை குலுக்குறதுக்கு முன்னாடி பானெட்ட தொட்டு பாருங்க, சூடா இருந்தா டீ குடிச்சிட்டு கிளம்பி மறுநாள் காலைல சொல்லாம போய் நில்லுங்க. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகுற அந்த முதல் நிமிஷம் வர்ற புகைல தான் எல்லாம் இருக்கு. ஆயில் கருப்பா இருக்கேன்னு பேரம் பேசாதீங்க, டீசல்ல புது ஆயிலே சீக்கிரம் கருத்துடும்.

கேள்வி: ஃப்ரெண்டோட எஸ்யூவி மேல சாஞ்சு நிக்கிற ஃபோட்டோவ டேட்டிங் ஆப்ல போட்டேன், மேட்ச் கொட்டுது. நிஜத்துல என்கிட்ட ஸ்கூட்டர் தான். மீட் பண்றதுக்கு முன்னாடி சொல்லணுமா?
— வாசகர், பொம்மசந்திரா

பதில்: இன்னிக்கே சொல்லுங்க, ரெண்டு பேர் கழண்டுக்குவாங்க, கழண்டுக்கட்டும். மீதி இருக்கவங்க கிட்ட ஜெயநகர்ல தோசை சாப்பிடலாம்னு கேளுங்க. 2025 ஆகஸ்ட்ல தான் மெட்ரோ யெல்லோ லைன் திறந்தாச்சே, பொம்மசந்திரால ஏறினா ஜெயநகர் பக்கத்துல ஆர்.வி. ரோடு வரைக்கும் ஒரே ரயில். சில்க் போர்டு வர்றப்ப கீழ பாருங்க, உங்க ஃப்ரெண்டு அந்த எஸ்யூவில நின்னுட்டிருப்பார், கை காட்டிட்டு போங்க.