தசைவலிக்குக் கையால் சிகிச்சை: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

நாள்பட்ட தசைவலிக்குப் பிடித்துவிடுவது பற்றி உங்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒன்று அவசரமானது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கெண்டைக்கால் வலிக்கு நான்தான் தினமும் நல்லெண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிறேன். இப்போது அந்தக் கால் வீங்கிச் சூடாக இருக்கிறது. எந்தத் தைலம் நல்லது மேடம்? (மதுரை)

தைலம் எதுவும் வேண்டாம் தம்பி. பிடித்துவிடுவதை நிறுத்திவிட்டு இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடேறி வலித்தால், ஆழ்சிரையில், அதாவது காலுக்குள் ஆழமாக ஓடும் ரத்தக் குழாயில், ரத்தம் உறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

பனியன் கம்பெனியில் தையல் வேலை. வலது தோள்பட்டைக்கு மேல் கட்டிபோல் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் நெற்றிப்பொட்டில் வலிக்கிறது. தோளுக்கும் தலைக்கும் என்ன தொடர்பு? (திருப்பூர்)

கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் டிரபீசியஸ் தசையில் இப்படி முடிச்சு விழுவது மிகச் சாதாரணம். அதை 'டிரிக்கர் பாயின்ட்' என்கிறோம். முடிச்சு ஓரிடத்திலும் வலி வேறிடத்திலும் இருக்கும். அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல், டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து 1983-இல் வெளியிட்ட நூலில், எந்தத் தசையின் முடிச்சு எங்கே வலியைக் காட்டும் என்று படங்களாகவே தந்திருக்கிறார். முடிச்சுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. நீங்கள் சொல்லும் வலிப் பாதை மட்டும் அந்தப் படத்தில் இருப்பதுதான்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, விரலால் முடிச்சை மெல்ல அழுத்தி அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே வைத்திருங்கள். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. விரலுக்கடியில் தசை இளகுவது தெரியும். பிறகு தலையை இடப்பக்கம் சாய்த்து அரை நிமிடம் நிறுத்துங்கள். இத்தனையும் செய்துவிட்டு மறுநாள் தோளைத் தூக்கிக்கொண்டே தைத்தால் முடிச்சு திரும்ப வரும். மெஷின் மேசைக்கு உங்கள் இருக்கை தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கை மேசை உயரத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள் சகோதரி. கேட்கத் தயங்க வேண்டாம், அதுவும் சிகிச்சைதான்.

கத்தும் அளவுக்கு வலித்தால்தான் மசாஜ் பலன் தரும் என்கிறார்களே?

வலி தாங்காமல் நீங்கள் மூச்சைப் பிடித்தால் தசையும் இறுகிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. ஓரிரு நாள் லேசாக வலிக்கலாம். தோல் கன்றிப்போனால் அழுத்தம் மிகுதி என்று பொருள். சிறுநீர் அடர்பழுப்பாக வந்தால் தசை சிதைந்திருக்கலாம். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மசாஜ் லாக்டிக் அமிலத்தை வெளியேற்றுமா?

உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலத்தை உடல் ஓரிரு மணி நேரத்தில் தானே சரிசெய்துவிடும். நாள்பட்ட வலிக்கு அது காரணமே இல்லை.

முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறித்துவிடுவார்கள். சுகமாக இருக்கிறது. தொடரலாமா?

வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தக் குழாய்கள் செல்கின்றன. திடீரென்று திருகும்போது குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான். ஆனால் ஒரு நிமிடச் சுகத்துக்கு அந்த ஆபத்து தேவையா? தலையையும் தோளையும் பிடித்துவிடச் சொல்லுங்கள், திருக மட்டும் விடாதீர்கள்.

சித்த மருத்துவத் தொக்கணம் செய்துகொள்ளலாமா? (நாகர்கோவில்)

தொக்கணம் என்பது சித்த மருத்துவத்தில் கையால் செய்யும் மசாஜ். முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் செய்துகொள்ளலாம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை சொல்வார்கள். நாங்கள் செய்யும் பல அசைவுகள் அவற்றில் உண்டு. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இடுப்புவலிக்கு எத்தனை முறை வர வேண்டும்? செலவு கட்டுப்படியாகவில்லை.

மசாஜ் தரும் நிவாரணம் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான். வலி குறைந்திருக்கும் அந்த நாட்களில் நடைப்பயிற்சியும் இடுப்புத் தசைக்கான பயிற்சியும் தொடங்கிவிட வேண்டும். நான்கைந்து முறை வந்தும் மாற்றமில்லை என்றால் பணத்தை வீணாக்காமல் மருத்துவரிடம் மறுபரிசோதனை கேளுங்கள். தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு, கால் பலவீனம் இருந்தால் அன்றே போக வேண்டும். வீட்டில் ஒரு டென்னிஸ் பந்து போதும். சுவருக்கும் பிட்டத் தசைக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டுங்கள். முதுகெலும்பின் மீது மட்டும் வைக்காதீர்கள்.