பழைய ஃபியூஸ் எங்கே?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு வியாபாரியிடம் 8,900 பவுண்டுக்குப் பழைய கார் வாங்கினேன். ஜனவரியில் ஓட்டுநர் இருக்கை சூடாவது நின்றுவிட்டது. 15 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்திருந்தது. புதிதாகப் போட்டதும் மறுநாளே எரிந்தது. பிறகு 30 ஆம்பியர் போட்டேன். இருக்கைக்கு அடியில் வயர் கருகிவிட்டது. சரிசெய்ய 1,400 பவுண்டு ஆகுமாம். வியாபாரி மரியாதையில்லாமல் பேசுகிறார். கர்ப்பிணியான என் மனைவி குளிரில் நடுங்குகிறார். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் வாங்க முடியுமா?

பதில்: வியாபாரியின் வாய்த்துடுக்குக்கு நீதிமன்றத்தில் விலை கிடையாது. குளிருக்கும் பெரிதாகக் கிடைக்காது. நீதிபதி கேட்கப்போவது ஒன்றைத்தான்: நீலநிற 15 ஆம்பியர் இருந்த இடத்தில் பச்சைநிற 30 ஆம்பியரைச் செருகியது யார்? நீங்கள். மின்சாரம் அளவு மீறினால் தான் எரிந்து வயரைக் காப்பதுதான் ஃபியூஸின் வேலை; இருமடங்கு பெரியதைப் போட்டால் அது எரியாது, வயர்தான் கருகும்.

முழுப் பணத்தை மறந்துவிடுங்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி அதற்கான 30 நாள் கடந்துவிட்டது. பழுதுபார்க்க வியாபாரிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்து, அதிலும் சரியாகாவிட்டால்தான் காரைத் திருப்பும் உரிமை மறுபடி வரும். அப்போதும் நீங்கள் ஓட்டிய காலத்துக்குக் கழித்துக்கொள்வார்கள்.

உங்களிடம் மிச்சமிருக்கும் பலம் வேறு. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கார் கைமாறிய அன்றே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டவேண்டியது வியாபாரியின் பொறுப்பு. சரியான ஃபியூஸ் இரண்டு முறை எரிந்தது என்றால் உள்ளே எங்கோ கோளாறு இருந்தது; அது அவர் கணக்கு. அதற்குப் பிறகு வயர் கருகியது உங்கள் கணக்கு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட முடிந்தால் வழக்கு நிற்கும். முடியாவிட்டால், 'எல்லாம் இவர் கைவேலை' என்ற ஒரே வரியில் அவர் தப்பிவிடுவார்.

ஆகவே கேட்கிறேன்: எரிந்துபோன அந்த இரண்டு ஃபியூஸ்கள் எங்கே? குப்பையில் போட்டிருந்தால் போய்த் தேடுங்கள். பச்சை ஃபியூஸ் இன்னும் காரில் இருந்தால், இருக்கும் இடத்திலேயே படம் எடுத்துவிட்டு இன்றே கழற்றுங்கள், எறிந்துவிடாதீர்கள். கையேட்டில் ஃபியூஸ் வரைபடம் உள்ள பக்கத்தையும் படம் எடுங்கள். பல கார்களில் பானெட்டுக்கு அடியில் ஒன்றும் டாஷ்போர்டு பக்கம் ஒன்றுமாக இரண்டு பெட்டிகள் உண்டு. வேறு பெட்டியின் எண்ணைக் காட்டி வாதாடி மூக்குடைபட்டவரையும் பார்த்திருக்கிறேன்.

கருகிய இருக்கையை எந்த மெக்கானிக்கிடமும் இப்போது கொடுக்காதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் பொறுக்காமல் தெரிந்த கடையில் வயரை மாற்றிவிட்டார். நிபுணர் வந்தபோது பார்ப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. போதாததற்கு, இருக்கையைத் தூக்கும்போது பக்கவாட்டு ஏர்பேக் இணைப்பைக் கழற்றியதில் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பித்தது. அதையும் எதிர்த்தரப்பு அவர் தலையிலேயே கட்டியது.

30 ஆம்பியர் கதையை மறைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். மனுவில் 'இவை உண்மை' என்று கையெழுத்திடுகிறீர்கள். தெரிந்தே பொய் சொன்னால் அது நீதிமன்ற அவமதிப்பு. கருகிய வயர் எப்படியும் உண்மையைச் சொல்லிவிடும்.

செலவையும் பாருங்கள். 10,000 பவுண்டுக்குக் குறைந்த இத்தகைய வழக்குகள் சிறு உரிமைக்கோரல் பிரிவுக்குப் போகும். அங்கே ஜெயித்தாலும் வக்கீல் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. நீதிமன்ற அனுமதியில்லாமல் நிபுணர் அறிக்கை செல்லாது. அனுமதி கிடைத்தாலும் அதற்காகத் திரும்பக் கிடைப்பது அதிகபட்சம் 750 பவுண்டு. என்னை அமர்த்தினால் 1,400 பவுண்டில் உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. என் வருமானத்துக்கு எதிராகவே இதைச் சொல்கிறேன்.

சமரசம் பேசுங்கள். 2024 மே மாதத்தில் இத்தகைய வழக்குகளில் தொலைபேசிச் சமரசம் கட்டாயமாக்கப்பட்டது. அதை வழக்குப் போடுவதற்கு முன்பே செய்துவிடலாம். இருக்கையைச் சூடாக்கும் பகுதியின் செலவு அவருக்கு, கருகிய வயர் உங்களுக்கு. ஏறக்குறைய பாதி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சமரசம் கேட்டு அவருக்கு எழுதும் கடிதத்தின் தலைப்பில் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' (without prejudice) என்று எழுதுங்கள்; பேச்சு முறிந்தால் அதை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்டாமல் இருக்கத்தான் இது.

பணம் தரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். 'இந்தக் கார் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்று அதில் இருந்தால் கையெழுத்திடாதீர்கள். 'ஓட்டுநர் இருக்கையின் சூடேற்றும் அமைப்பு தொடர்பான' என்று திருத்தச் சொல்லுங்கள். அடுத்த மாதம் கியர்பாக்ஸ் போனால் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.