தோளும் இடுப்பும் இறுகிப்போகும் நோய்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. பொங்கல் கழிந்த வாரம் சளியும் காய்ச்சலும் வந்து குணமாயின. சில நாள் கழித்து ஒரு காலையில் இரண்டு தோள்களும் தொடைகளும் இறுகி, கட்டிலை விட்டு எழவே முடியாமல் தவித்தார். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு 88 என்று வந்தது. ‘பாலிமயால்ஜியா ருமாட்டிகா’ என்று மருத்துவர் கூறுகிறார். காய்ச்சல்தான் காரணமா? அதற்கு முன் போட்டுக்கொண்ட ஃப்ளூ தடுப்பூசியா? கடந்த ஆண்டு என் தந்தை காலமான துக்கமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கே வரும் நோய் இது. 70 வயதுக்கு மேல் அதிகமாகக் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே கூடுதலாகத் தாக்குகிறது. வலி தசையில் இருப்பதுபோல் தோன்றினாலும், அழற்சி முக்கியமாகத் தோள், இடுப்பு மூட்டுகளைச் சுற்றியுள்ள சிறு நீர்ப்பைகளிலும் தசைநாண்களின் உறைகளிலும் உள்ளது. அல்ட்ராசவுண்டில் அங்கே நீர் கோத்திருப்பதைப் பார்க்கலாம். தலை வாரக் கையைத் தூக்க முடியாது, கொண்டை போட முடியாது, ரவிக்கையின் கைக்குள் கையை நுழைக்க மகளோ மருமகளோ உதவ வேண்டும். ஆனால் பிற்பகலானால் அதே அம்மா ஓரளவு நடமாடுவார். இந்தக் காலை இறுக்கம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதுதான் எங்களை இந்த நோயை நினைக்க வைக்கிறது.

“நேற்று இரவு நன்றாகத்தான் படுத்தேன்” என்று நாளைக் குறிப்பிட்டே சொல்லும் நோயாளிகள் பலர். அவ்வளவு திடீரென வருவதால், அதற்கு முன் நடந்தவற்றில் காரணத்தைத் தேடுவது இயற்கை. ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் புரூஸ் இந்த நோயைப் பற்றி 1888-இல் எழுதினார். அதற்குப் பின் இத்தனை ஆண்டுகள் ஆகியும், இன்னதுதான் தூண்டியது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. கிருமித் தொற்றின்மீது சந்தேகம் உண்டு. மைக்கோபிளாஸ்மா நிமோனியா என்ற பாக்டீரியா பரவிய காலங்களில் இந்த நோயும் கூடியதாக டென்மார்க்கில் 1990-களில் ஓர் ஆய்வு கூறியது, பார்வோவைரஸும் பேசப்பட்டது. ஆனால் எந்தக் கிருமியும் உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. வட ஐரோப்பிய மக்களிடம் இது மிகுதியாகக் காணப்படுவதும், நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்.எல்.ஏ. மரபணுவின் சில வகைகளோடு தொடர்பு தெரிவதும், உடலுக்குள்ளேயே ஒரு வாய்ப்பு முன்னமே இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. உங்கள் தாயாரின் காய்ச்சல் அதைக் கிளறிவிட்டிருக்கலாம் என்பதற்கு மேல் நான் சொன்னால் அது உண்மையாகாது.

ஃப்ளூ, கோவிட் தடுப்பூசிகளுக்குப் பின் இந்நோய் வந்ததாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. முதியவர்கள் இலட்சக்கணக்கில் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது, முதியவர்களுக்கே வரும் ஒரு நோய் சிலருக்கு அதையடுத்த வாரங்களில் தற்செயலாகத் தொடங்கவே செய்யும். ஆகவே இனித் தடுப்பூசியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். இந்நோய்க்கு மருந்தான ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொள்ளப் போகும் அவருக்கு ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் முன்பைவிட அதிகம் தேவை. துயரம் இந்த நோயை உண்டாக்கும் என்பதற்கும் சான்று இல்லை. தந்தையின் மறைவோடு இதையும் முடிச்சுப்போட்டு வீட்டில் யாரும் தம்மை நொந்துகொள்ள வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. புற்றுநோயை எதிர்க்க உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் ‘இம்யூனோதெரபி’ மருந்துகளில் ஒரு வகை, இதே போன்ற வலியைத் தூண்டுவது நன்கு தெரிந்த செய்தி. அந்தச் சிகிச்சை பெறுபவர்கள் தோள், இடுப்பு இறுக்கம் வந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 72 வயது, சர்க்கரை நோய் உண்டு. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேடின் மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு மாதமாகத் தோள் வலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளால் பயனில்லை. எனக்கும் அந்த நோய்தானா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கடிதத்தை வைத்துச் சொல்ல இயலாது, ஆனால் வலி மாத்திரைகளை இன்றே நிறுத்துங்கள் என்று சொல்ல முடியும். சர்க்கரை உள்ள 72 வயதுக்காரரின் சிறுநீரகத்துக்கு, நான்கு மாத வலி மாத்திரை பெரும் ஆபத்து.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்மூட்டு உறைந்துபோவது மிகச் சாதாரணம். அது பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், பிறர் பிடித்துத் தூக்கினாலும் கை மேலே போகாது. ஸ்டேடின் மாத்திரையாலும் தசைவலி வரலாம். அதில் சிலருக்கு தசைப் பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. என்ற இரத்த அளவு உயரும், பாலிமயால்ஜியாவில் அது இயல்பாகவே இருக்கும், மாறாக அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் பெரும்பாலும் ஏறியிருக்கும். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு, சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டுவலி, முதுமையில் தொடங்கும் முடக்குவாதம், எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோய் ஆகிய யாவும் இதே வேடத்தில் வரக்கூடியவை. இவற்றை விலக்கிய பிறகே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். “ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் அந்த நோய்தான்” என்ற வழியை நான் ஏற்பதில்லை. வேறு பல நோய்களும் ஸ்டீராய்டுக்குச் சில நாட்கள் அடங்கிக் காட்டும். நம் ஊரில் காசநோய் இருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

நோய் உறுதியானால், காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரையை மட்டும் நம்பாதீர்கள். காலையில் உட்கொள்ளும் ஸ்டீராய்டு, மதிய உணவுக்குப் பிறகும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றும். அந்த நேரத்தில் பரிசோதியுங்கள்.

கேள்வி: பிரெட்னிசொலோன் 15 மி.கி. ஆரம்பித்த மூன்றாம் நாளே வலி போய்விட்டது. ஸ்டீராய்டு கெடுதல் என்று எல்லோரும் சொன்னதால் ஒரு மாதத்தில் நானே நிறுத்திவிட்டேன். மூன்று வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. இது ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்தா? (வாசகி, ஈரோடு)

பதில்: ஆயுள் முழுவதும் வேண்டியதில்லை, ஆனால் ஒரு மாதத்தில் முடிவதும் இல்லை. பலருக்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகிறது, சிலருக்கு இன்னும் நீள்கிறது. உங்களுக்கு மறைந்தது வலி; அழற்சி உள்ளே அடங்கிக் கிடந்தது, அவ்வளவுதான்.

2015-இல் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுநோய் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறை இதுதான்: ஒரு நாளைக்கு 12.5 முதல் 25 மி.கி. வரையிலான அளவில் தொடங்க வேண்டும். சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண் அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த வரம்பின் கீழ்ப்பகுதியே போதும். 4 முதல் 8 வாரங்களில் 10 மி.கி.க்கு இறக்கி, அதன் பிறகு நான்கு வாரத்துக்கு 1 மி.கி. வீதம் மட்டுமே குறைக்க வேண்டும். 1 மி.கி. மாத்திரை கிடைக்காத இடங்களில் ஒரு நாள் 10, மறுநாள் 7.5 என்று மாற்றி மாற்றிக் கொடுத்து ஏறக்குறைய அதே படியிறக்கத்தைச் செய்கிறோம். இவ்வளவு கவனமாகக் குறைத்தும் வலி திரும்புவது உண்டு. அப்போது கடைசியாக வலியின்றி இருந்த அளவுக்கு ஏறி, அங்கிருந்து இன்னும் மெதுவாக இறங்குவோம். அடிக்கடி திரும்பினால் நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைச் சேர்ப்பது ஒரு வழி. அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் உட்கொள்ள வேண்டும், தினமும் சாப்பிட்டு உயிருக்கு ஆபத்தானவர்கள் உண்டு.

ஸ்டீராய்டு பற்றிய உங்கள் அச்சம் பொருளற்றது அன்று. எலும்பு பலமிழக்கும், கண்புரை வரும், தூக்கம் கெடும், முகம் உப்பும். அதனால்தான் கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் மருந்து, கண் பரிசோதனை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்க்கிறோம். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டதைச் சட்டென்று நிறுத்துவது அதைவிடக் கொடியது. மருந்து வெளியிலிருந்து வருவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழும் நிலைகூட வரலாம். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை என்று வந்தால், ஸ்டீராய்டு உட்கொள்வதை அங்குள்ள மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்டீராய்டு இல்லாமல் ஊசி மருந்து வந்துவிட்டதாமே? (வாசகர், சென்னை)

பதில்: சாரிலுமாப் என்ற ஊசிக்கு 2023-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தின் வேலையை அது தடுக்கிறது. ஸ்டீராய்டு போதிய பலன் தராதவர்களுக்கும், குறைக்கும்போதெல்லாம் வலி திரும்புபவர்களுக்கும் உரியது. முதல் மருந்து அன்று. விலையும் அதிகம்.

கேள்வி: பாலிமயால்ஜியாவுக்கு மாத்திரை சாப்பிட்டு வரும் என் கணவருக்கு ஒரு வாரமாக நெற்றிப் பொட்டில் புதுவிதமான தலைவலி. சீப்பு பட்டாலே வலிக்கிறது. சோற்றை மென்றால் தாடை கடுக்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே, இதழ் வரும்வரை காத்திருக்காமல், தொலைபேசியில் உங்களை அழைத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். மற்ற வாசகர்களுக்காக இங்கே பதிகிறேன். பாலிமயால்ஜியா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு, தலையின் பக்கவாட்டிலும் கண்ணுக்கும் செல்லும் தமனிகளில் அழற்சி உண்டாகலாம். நீங்கள் எழுதிய மூன்றும் அதன் அடையாளங்கள். கண் மங்குவதும் இரட்டையாகத் தெரிவதும் அதைவிட அவசரமானவை. போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. இதற்குப் பழைய சிறு அளவு மாத்திரை போதாது. 40 முதல் 60 மி.கி. வரை தேவைப்படும். தமனியில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி சில நாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, முதல் வேளை மருந்து அன்றே உள்ளே போக வேண்டும். இரவாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்; “எனக்குப் பாலிமயால்ஜியா இருக்கிறது, இப்போது புதிதாகத் தலைவலி” என்று வரவேற்பிலேயே சொல்லிவிடுங்கள்.