புயலுக்குப் பிறகு இருளர், விவசாயக் குடும்பங்களுக்குப் பெங்களூரில் இருந்து எப்படி உதவலாம்?

ஒயிட்ஃபீல்டில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சேர்ந்து பழைய துணி திரட்டி விழுப்புரம் பக்கம் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். துணி வேண்டாம். அதற்கு ஆகும் வேன் வாடகையில் தார்ப்பாய் வாங்குங்கள், ஓரத்தில் வளையம் அடித்த கனமான ரகமாக, கூடவே கட்ட நைலான் கயிறு, பாய், கொசுவலை. கூரை போன குடிசைக்கு முதல் வாரம் தேவைப்படுவது இதுதான்.

அப்புறம்தான் பெரிய வேலை. 2024 ஃபெஞ்சல் புயலின்போது அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய், 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவித்தது. சரி, கார்டே இல்லாத குடும்பம் என்ன செய்யும்? இருளர்களில் நிறைய பேர் ஏரிக்கரை புறம்போக்கில் பட்டா இல்லாமல் இருக்கிறார்கள், செங்கல் சூளை வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள், கணக்கெடுக்க வரும் நாளில் குடிசையில் ஆளே இருக்காது. குத்தகை விவசாயிக்கும் இதே கஷ்டம்தான்: விதை, உரம் எல்லாம் இவர் கடன் வாங்கிப் போட்டது, சிட்டா நில உரிமையாளர் பெயரில்.

அதனால் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை, அங்கே ஏற்கெனவே இருளர் மத்தியில் வேலை செய்கிறவர்களிடம் கொடுத்து, ஆதார், சாதிச் சான்றிதழ், கார்டு மனு எழுதித் தாலுகா ஆபீஸுக்குக் கூடவே போய்வரும் ஓர் ஆளுக்குச் சில மாதச் சம்பளமாக ஒதுக்குங்கள்.