ஒன்பதாம் மாடியில் இடியப்பத் தட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பணக்காரருக்கு பங்களா வரைகிற கட்டடக் கலைஞர்கள், "அரசாங்கம் வீடமைப்புக் கொள்கை எழுதும்போது எங்களையும் கேட்க வேண்டும்" என்கிறார்கள். படம் வரைகிறவர்களுக்குக் கொள்கையில் என்ன வேலை?
(வாசகர், கொம்பனித்தெரு)

பதில்: உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான்.

போன மாதம் வட கொழும்பில் ஒரு தொடர்மாடிக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் மாடியில் ஒரு அக்கா இடியப்பம் அவித்து விற்கிறார். முன்பு தோட்டத்தில், அதாவது நகரத்துக் குடிசைக் குடியிருப்பில், இருந்தபோது வாசலில் தட்டை வைத்தால் போதும், வேலைக்குப் போகிறவர்கள் வாங்கி ஏழு மணிக்குள் முடிந்துவிடுமாம். இப்போது அவர் கதவுக்கு வெளியே இருக்கிற நடையில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் உரசும், பகல் பன்னிரண்டு மணிக்கும் பல்ப் எரிய வேண்டும், லிப்ட் நின்ற நாளில் மகன் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு ஒன்பது மாடியும் இறங்குகிறான், இறங்கினால் கீழே வைத்து விற்க ஒரு மூலை கிடையாது. வீடு ஒழுகாது, குழாயில் தண்ணீர் வருகிறது, அதையும் அந்த அக்காதான் சொன்னார். வியாபாரம்தான் பாதியாகிவிட்டது.

அதை வரைந்தவரைத் திட்டி என்ன பயன்? அவர் கைக்கு வேலை வரும்போதே எத்தனை மாடி, மாடிக்கு எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று எல்லாம் முடிவாகியிருக்கும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அதன் பிறகு தோட்டத்து மக்களுக்காக எழும்பிய முதல் தொடர்மாடிகளில் ஒரு வீடு சுமார் 400 சதுர அடி. நாலு பேர் குடும்பமானாலும் எட்டுப் பேர் குடும்பமானாலும் அதே 400! இதை யாரிடம் கேட்டு முடிவு செய்தார்கள்?

கேட்டுச் செய்த கதையும் நம் நாட்டில் இருக்கிறது. கண்டி வட்டபுலுவவில் 1950களில் அரச ஊழியர்களுக்கான வீட்டுத் திட்டத்தை வரைந்த மினெட் டி சில்வா, முதலில் அங்கே குடிவரப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்தைக் கொடுத்து, அவர்கள் வருமானம், பழக்கவழக்கம் எல்லாம் விசாரித்த பிறகே பல வகை வீடுகளை வரைந்தார். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்திலும் சிறு கடன் கொடுத்து, காணித் துண்டை அளந்து கொடுத்து, வீட்டை மக்களையே கட்டவிட்டார்கள். அதிலும் குறை உண்டு. ஆனால் வாசல் எந்தப் பக்கம் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்தார்.

1950களில் தொடங்கிய இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் நிறுவகத்துக்கு 1976 முதல் சட்ட அந்தஸ்து இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் மேசையில் தட்டிக் கேட்க வேண்டியது இதுதான்: இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கொடு, கீழ்மாடியில் சிறு வியாபாரத்துக்கு இடம் விடு, லிப்ட் பராமரிப்புக் காசு எங்கிருந்து வரும் என்பதைக் கட்டுவதற்கு முன்னால் கணக்குப் போடு. கட்டாய மீள்குடியேற்றத்துக்கு, அதாவது விருப்பம் இல்லாமல் வேறிடம் மாற்றப்படுகிறவர்களுக்கு, 2001இல் அமைச்சரவை ஏற்ற ஒரு தேசியக் கொள்கை இருக்கிறது, வாசித்துப் பார்த்தால் நல்ல கொள்கை. அதைச் சட்டமாக்கச் சொல்லியும் அவர்கள் கேட்க வேண்டும்.

கேள்வி: மகள் கட்டடக்கலை படிக்க ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: தாராளமாக. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போகும் முன் ஒரு நாள் வட கொழும்பில் கிராண்ட்பாஸ் பக்கம் கூட்டிப்போய் நடக்க விடுங்கள்.

கேள்வி: கொள்கை எல்லாம் மேலிடத்து விஷயம். எங்கள் தொடர்மாடியில் லிப்ட் அடிக்கடி நிற்கிறது, பராமரிப்புக்குக் காசும் கட்டுகிறோம். நாங்கள் என்ன செய்வது?
(வாசகி, தெமட்டகொட)

பதில்: முதலில் லிப்ட் நின்ற நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கட்டடத்துக்குப் பொறுப்பான அரச நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. போன வருடம் பராமரிப்புக்கு எவ்வளவு சேர்ந்தது, அதில் லிப்டுக்கு எவ்வளவு போனது, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். ஒருவராகப் போடாமல் மாடிக்கு ஒருவர் போடுங்கள், பதில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.